பத்தடி அறையில் இயல்பான ஒலி: மூன்று ஸ்பீக்கர் மரபுகள், ஒரு தீர்ப்பு

விலை உயர்ந்த வீட்டு ஸ்பீக்கர்களை விற்பவர்கள் இரண்டு வாக்குறுதிகளைத் தவறாமல் தருகிறார்கள். ஒலி இயல்பாக இருக்கும். நுணுக்கமெல்லாம் துல்லியமாகக் கேட்கும். இரண்டும் நியாயமான ஆசைகள்தான். ஆனால் ஸ்பீக்கர் தனியாகப் பாடுவதில்லை. அது வைக்கப்படும் அறையும் சேர்ந்துதான் பாடுகிறது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பம்மல், மேடவாக்கம் என்று தென்சென்னைப் புறநகர் முழுக்க வீடுகள் ஏறக்குறைய ஒரே அச்சில் எழுந்திருக்கின்றன. செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, கான்கிரீட் தளம், வழவழப்பான டைல்ஸ் தரை, பத்தடி அகலம், பத்தடி உயரம். அந்த அறைக்குள், சேமிப்பில் ஒரு பெரும் பங்கைப் போட்டு வாங்கும் ஸ்பீக்கர் எந்தக் கொள்கையில் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும்?

இன்று உலகில் மூன்று மரபுகள் முன்னால் நிற்கின்றன. ஒரே ஒரு டிரைவரில், அதாவது காந்தத்தால் அசையும் ஒரே கோனில், எல்லா ஒலியையும் எழுப்புவது ஒன்று. மின்னேற்றிய மெல்லிய தாளை அசைத்து ஒலி எழுப்பும் எலக்ட்ரோஸ்டாட்டிக் முறை இரண்டாவது. தாழ்ந்த ஒலிக்கு ஊஃபர், உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டர் என்று வேலையைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி ஸ்பீக்கர் மூன்றாவது. மூன்றுக்கும் இந்தியாவிலேயே முன்மாதிரிகள் உண்டு. கொச்சியில் கட்டடக் கலைஞர் ஜேக்கப் ஜார்ஜ் தொடங்கிய ரெத்ம், எலக்ட்ரோஸ்டாட்டிக் தட்டையும் சாதாரண ஊஃபரையும் இணைத்த புனேயின் கேடன்ஸ், 1970-லிருந்து கொல்கத்தாவில் இயங்கும் சோனோடைன். எனவே இது வெளிநாட்டு விளம்பரத்தை வைத்துப் பேச வேண்டிய விஷயமில்லை. கொள்கைகளையே எடுத்து எடைபோடலாம்.

அளவுகோல்

ஒலி இயல்பாக இருக்கிறது என்று சொல்ல, அந்த ஒலி நேரில் எப்படி இருக்கும் என்று காது முன்பே அறிந்திருக்க வேண்டும். மேலைநாட்டு விமர்சகர்கள் பியானோவை வைத்துச் சோதிப்பார்கள். நமக்குத் தம்புராவும் மிருதங்கமும் இருக்கின்றன. அவற்றைவிடக் கடுமையான சோதனை கிடையாது. இதற்கு அறிவியல் காரணம் உண்டு. அதைக் கண்டுசொன்னவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன்.

சாதாரண முரசின் தோலில் எழும் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் சிதறிக் கிடக்கும். அதனால்தான் முரசுக்குச் சுருதி சேர்வதில்லை. நம் தோல் வாத்தியத்தின் நடுவே அப்பும் கருப்புக் கரணை, தோலின் எடையை இடத்துக்கு இடம் மாற்றி, அந்த மேற்சுரங்களை ஆதார சுரத்தின் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்குகளில் வரிசைப்படுத்திவிடுகிறது. 1920-ல் சிவகாளி குமாரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் ராமன் இதை எழுதினார். அடுத்த ஆண்டு வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்தார். அவற்றின் வளைந்த குதிரைமேல் கம்பி பட்டு எழுவதால், மீட்டும் இடத்தைப் பொறுத்து எழவே கூடாத மேற்சுரங்களும் எழுகின்றன என்று காட்டினார். குதிரையில் ஜீவாளி நூலைச் சரியான இடத்தில் நகர்த்தியதும் தம்புரா திடீரென்று விரிந்து ரீங்கரிக்கிறதே, அது இந்த மேற்சுரக் கூட்டம்தான்.

இந்த இரண்டு வாத்தியங்களின் உயிரும் மேற்சுரங்களின் விகிதத்தில் இருக்கிறது. ஸ்பீக்கர் ஏதாவது ஓர் அலைவரிசையைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் விகிதம் கெடும். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் தூக்கினால் தம்புராவின் ரீங்காரம் தகரத் தகடு அதிர்வதுபோல் ஆகும். அதே இடத்தில் தாழ்ந்தால் வலந்தலையில் விழும் சாபு ஒளியிழந்து மழுங்கும். தாழ்ந்த பகுதியில் புடைத்தால், ரவை அப்பிய தொப்பியில் வாசிக்கும் கும்கி வழுக்கிச் செல்லும் வழியில் ஓரிடத்தில் மட்டும் பொங்கி, மற்ற இடங்களில் காணாமல் போகும். இந்த மூன்று தவறுகளையும் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. கச்சேரி கேட்டுப் பழகிய காது போதும்.

இதோடு சினிமாப் பாட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் அதிகம் ஒலிப்பது அதுதான். ஆண் குரலின் ஒரு கட்டை ஷட்ஜம் 130 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. பேஸ் கிட்டாரின் கடைசிக் கம்பியோ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனிப் பாட்டாகவே ஓடும். அது கேட்கவில்லை என்றால் பாட்டில் பாதி போச்சு. ஆகவே கேள்வித்தாள் இது: 40 ஹெர்ட்ஸிலிருந்து மேல் எல்லைவரை விகிதம் கெடாத ஒலி, நம் அறையில்.

அறை செய்யும் வேலை

அகலமும் உயரமும் பத்தடி, நீளம் பதினாறடி என்று ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். சென்னை வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் வேகத்தில் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி முன்னும் பின்னும் ஓடி, தன்னைத் தானே வலுப்படுத்திக்கொள்ளும் அதிர்வெண்கள் உண்டு. பதினாறடிக்கு முதலாவது 36 ஹெர்ட்ஸ். பத்தடிக்கு 57 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 57 ஹெர்ட்ஸ் இரண்டு திசைகளிலும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகிறது. பேஸ் கிட்டாரின் மூன்றாவது கம்பி 55 ஹெர்ட்ஸ்; அதற்கு அடுத்த சுரம் 58. அந்த இரண்டு சுரங்கள் வரும்போதெல்லாம் ஜன்னல் கிரில் அதிர்கிறது. மற்றச் சுரங்களில் பேஸ் கிட்டார் சாதாரணமாக இருக்கிறது. ஸ்பீக்கரைத் திட்டுகிறோம். குற்றவாளி சுவர்.

மேலைநாட்டு வீடுகள் பலவற்றில் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள். அவை தாழ்ந்த ஒலிக்குச் சற்று வளைந்துகொடுத்து அதில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எதையும் விழுங்காது. அங்கே சோதித்துப் பார்த்து, பேஸ் போதவில்லை என்று கொஞ்சம் கூட்டி வடிவமைத்த ஸ்பீக்கர், இங்கே வந்தால் பொங்கி வழியும்.

மேல்பகுதியிலும் இதே கதை. திரை, மெத்தை, புத்தக அலமாரி எதுவும் இல்லாத அந்த ஹாலில் பரப்புகள் சராசரியாக நூற்றுக்கு ஐந்து பங்கு ஒலியையே உறிஞ்சுகின்றன என்று வைத்து, சாபைன் சூத்திரத்தில் கணக்கிட்டால், எழுப்பிய ஒலி அடங்க ஏறக்குறைய 1.9 விநாடி ஆகும். கனமான திரையும் சோபாவும் தரைவிரிப்பும் போட்டு உறிஞ்சும் பங்கைப் பதினைந்தாக்கினால் அது 0.6 விநாடிக்கு இறங்குகிறது. பாட்டுக் கேட்க அரை விநாடி பக்கம் இருப்பது நல்லது. ஒரு தனியாவர்த்தனத்தில் விரைந்து விழும் சொற்கட்டுகள் 1.9 விநாடி எதிரொலிக்குள் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய நுணுக்கமும் அதற்குள் கரைந்துவிடும்.

இங்கிருந்து ஒரு முக்கியமான முடிவு பிறக்கிறது. வெற்றுச் சுவர் அறையில் நாம் கேட்பதில் பெரும்பகுதி, ஸ்பீக்கரிலிருந்து பக்கவாட்டிலும் மேலும் கீழும் கிளம்பிச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி. ஆகவே ஸ்பீக்கர் நேர் எதிரே எப்படி ஒலிக்கிறது என்பது மட்டும் போதாது. பக்கவாட்டிலும் அதே விகிதத்தில் ஒலிக்க வேண்டும். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல் 1980-களில் செய்த கேட்புச் சோதனைகள் இதைத்தான் நிறுவின. எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று காட்டாமல் கேட்க வைத்தபோது, நேரே சமமாகவும் பக்கவாட்டில் மேடுபள்ளமில்லாமல் சீராகவும் ஒலித்த ஸ்பீக்கர்களையே பெரும்பாலானோர் விரும்பினார்கள்.

ஒற்றை டிரைவர்

இந்த மரபின் வேர் இங்கிலாந்தின் பால் வாய்க்ட், லோதர் ஆகியோரிடம் இருக்கிறது. மிக லேசான காகிதக் கோன், வலிமையான காந்தம், நடுவில் உயர் ஒலிகளுக்கென்று ஒரு சின்னக் கூம்பு. ஒலியைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் சுற்று கிடையாது. குரல் முழுவதும் ஒரே புள்ளியிலிருந்து பிறக்கிறது. ஆம்ப்ளிஃபையரின் சில வாட்டுகளே போதும். ஒரு தனிக் குரலையும் ஒரு வயலினையும் இது தரும் விதத்தில் உள்ள உடனடித்தன்மை உண்மையிலேயே மனதைத் தொடும். அதை மறுப்பது அநியாயம்.

ஆனால் இயற்பியல் விட்டுக்கொடுப்பதில்லை. ஓர் அகலமான கோன், தன் விட்டத்தை ஒத்த அலைநீளத்தை நெருங்கும்போது ஒலியை டார்ச் ஒளிபோல் முன்னோக்கிக் குவிக்கத் தொடங்கும். ஒருவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து கேட்டால் சுகம். பக்கத்துச் சோபாவில் இருப்பவருக்கு வேறு பாட்டு. கூடவே, லேசான கோன் உயர் ஒலிகளில் ஒரு தட்டாக அசையாமல் துண்டு துண்டாக அதிரும். அது 2,000-லிருந்து 5,000 ஹெர்ட்ஸ்வரை மேடுகளை எழுப்புகிறது. தம்புரா சோதனையில் இந்த மரபு தடுக்கி விழும் இடம் இது. தாழ்ந்த ஒலியிலும் பலவீனம் உண்டு. ரெத்ம் லோதர் டிரைவர்களில் தொடங்கியது. பின்னர் வந்த மாடல்களில் பேஸுக்குத் தனி டிரைவர்களையும் அவற்றை இயக்கும் ஆம்ப்ளிஃபையரையும் பெட்டிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. அது நேர்மையான பொறியியல். அதே சமயம், ஒரே டிரைவர் எல்லாம் செய்யும் என்ற கொள்கைக்கு எதிரான சாட்சியும் அதுதான்.

எலக்ட்ரோஸ்டாட்டிக்

1957-ல் பீட்டர் வாக்கர் தன் குவாட் நிறுவனத்திலிருந்து வெளியிட்ட எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர், நடுப்பகுதி ஒலியின் தூய்மைக்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. பல ஆயிரம் வோல்ட் ஏற்றிய மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதன் முழுப் பரப்பிலும் ஒரே நேரத்தில் தள்ளப்படுகிறது. கோன் மடங்குவது, பெட்டி அதிர்வது போன்ற குறைகள் இதில் இல்லை. இன்னொரு நன்மை நம் அறைக்கு நேரடியாகப் பொருந்துகிறது. முன்னும் பின்னும் ஒலித்து, பக்கவாட்டில் அடங்கும் இயல்பு இதற்கு உண்டு. வெற்றுப் பக்கச்சுவர்களுக்கு ஒலி குறைவாகப் போவதால் எதிரொலித் தொல்லை குறையும். தம்புரா இதில் ஒலிக்கும் அழகை மற்ற இரண்டு மரபுகளும் எட்டுவது கடினம்.

அப்படியானால் இதையே தேர்ந்துவிடலாமே? மூன்று தடைகள் இருக்கின்றன. பின்பக்க ஒலிக்கு இடம் வேண்டும். சுவரிலிருந்து மூன்றடி, நான்கடி தள்ளி வைக்க வேண்டும். பதினாறடி ஹாலில் அது கால்வாசி இடம். பேஸும் உரத்த ஒலியும் வரம்புக்குட்பட்டவை. ஊஃபரைச் சேர்த்தால் தாளின் வேகமும் கோனின் வேகமும் சேருமிடத்தில் தையல் தெரியும் அபாயம் உண்டு. மூன்றாவதுதான் நம் ஊருக்கே உரிய தடை. உயர் மின்னழுத்தத் தாளுக்குப் பகை ஈரமும் தூசியும். ஐப்பசி மழையின் ஈரக்காற்றும், ஜி.எஸ்.டி. சாலை பக்கத்து வீடுகளில் நாள் முழுக்கப் படியும் புழுதியும் சேர்ந்தால், மின்னேற்றம் கசிந்து ஒலி குறையும். பொறி பறந்து தாள் கெடும். ஏ.சி. போட்டு மூடிய தனி அறை வைத்திருப்பவருக்கு இது தடையில்லை. ஜன்னலைத் திறந்துவைத்து வாழும் வீட்டுக்குத் தடைதான்.

பெட்டி ஸ்பீக்கர்

மிகச் சாதாரணமாகத் தோன்றும் இந்த மரபில்தான் அதிகமான கணக்கு நடந்திருக்கிறது. எட்கர் வில்ச்சர் 1954-ல் வெளியிட்ட ஏ.ஆர்.-1, காற்றடைத்த சிறிய பெட்டியிலிருந்தும் ஆழமான பேஸ் வரும் என்று காட்டியது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும் எழுதிய ஆய்வுகள், டிரைவருக்கும் பெட்டிக்கும் உள்ள உறவைச் சூத்திரமாக்கின. 1976-ல் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் வெளியிட்ட கிராஸ்ஓவர் முறை, ஊஃபரும் ட்வீட்டரும் கைமாற்றிக்கொள்ளும் இடத்தில் மேடோ பள்ளமோ வராமல் சேர்த்துவைத்தது. அதே பத்தாண்டில் பி.பி.சி. தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காகச் செய்த எல்.எஸ்.3/5ஏ, ஓரடி உயரப் பெட்டி. குரலைச் சரியாகத் தர அளவு தேவையில்லை, கவனம்தான் தேவை என்பதற்கு அது போதுமான சான்று.

இந்த மரபின் குறை கைமாற்றும் இடத்தில் இருக்கிறது. ஆறரை அங்குல ஊஃபர் 2,000 ஹெர்ட்ஸை நெருங்கும்போது ஒலியைக் குறுக்கத் தொடங்குகிறது. அதற்கு மேல் பொறுப்பேற்கும் ஓரங்குல ட்வீட்டர் எல்லாப் பக்கமும் விரித்து ஒலிக்கிறது. நேரே நின்றால் சமமாகக் கேட்கும். பக்கவாட்டில் 3,000, 4,000 ஹெர்ட்ஸ் திடீரென்று அகலும். மெத்தை, கம்பளம் உள்ள அறையில் அது தெரியாமல் போகலாம். டைல்ஸ் ஹாலில் அந்த அகன்ற ஒலியெல்லாம் சுவரில் பட்டுக் காதுக்கு வருகிறது. பாடகரின் 'ச', 'ஸ' எழுத்துகள் கீறுவதும், ஜால்ரா முன்னால் துருத்திக்கொண்டு நிற்பதும் இதனால்தான். கடையில் இதைக் காட்டித்தான் நுணுக்கம் என்று விற்கிறார்கள். அது நுணுக்கமில்லை, விகிதக் கேடு.

ஆனால் மற்ற இரண்டு மரபுகளின் குறைகளைப் போலல்லாமல் இந்தக் குறைக்கு மருந்து உண்டு. ட்வீட்டரைச் சுற்றி ஆழமில்லாத ஒரு கிண்ணம்போல் வேவ்கைடு அமைத்தால், அதன் விரிவு ஊஃபரின் விரிவோடு பொருந்திவிடும். ஸ்டுடியோ மானிட்டர் செய்பவர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள். சோனோடைனும் அலுமினியத்தில் வார்த்த பெட்டியில், ஆம்ப்ளிஃபையரை உள்ளடக்கிய ஸ்டுடியோ மானிட்டர்களைச் செய்து தந்திருக்கிறது. வீட்டு ஆடம்பர ஸ்பீக்கர்களின் விலையோடு ஒப்பிட்டால் இத்தகைய மானிட்டர்கள் மலிவு.

நம் அறைக்கு இன்னொரு திருத்தமும் தேவை. பின்னால் துளை வைத்த பெட்டி பேஸைக் கூட்டித் தரும். ஆனால் துளை கூட்டித்தரும் அலைவரிசைக்குக் கீழே ஒலி செங்குத்தாகச் சரியும். மூடிய பெட்டி மெதுவாகச் சரிகிறது. அந்தச் சரிவைச் சிறிய அறையின் செங்கல் சுவர்கள் தாங்களே நிரப்பிக்கொடுக்கின்றன. ஆகவே சுவரை ஒட்டி வைக்க நேரும் வீட்டில் மூடிய பெட்டி மேல். துளையுள்ள ஸ்பீக்கர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் துளையில் ஸ்பாஞ்சைச் செருகிக் கேட்டுப் பாருங்கள். 57 ஹெர்ட்ஸ் பொங்கல் குறைவது உடனே தெரியும்.

காற்றும் சத்தமும்

ஊஃபரின் விளிம்பில் நுரை வைத்த ஸ்பீக்கர்கள் இந்த வெக்கையிலும் ஈரத்திலும் சில ஆண்டுகளிலேயே பொடிந்து உதிரும். ரப்பர் விளிம்பு பல மடங்கு உழைக்கும். பெட்டி எம்.டி.எஃப். பலகையானால், ஓரங்களில் சரியாகப் பூச்சு இல்லாவிட்டால் ஊதும். நல்ல ஆசாரியிடம் செய்யக் கொடுப்பவர்கள் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள்.

சத்தத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். தலைக்கு மேல் மின்விசிறி, மீனம்பாக்கத்துக்கு வந்து போகும் விமானங்கள், தெருவில் ஹாரன். இந்தப் பின்னணிக்கு மேலே மென்மையான கமகங்களும் கேட்க வேண்டுமானால் ஒலியளவைக் கூட்டித்தான் வைப்போம். இங்கே பெரிய ஸ்பீக்கர் ஆதரவாளர்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது. நாகஸ்வரமும் தவிலும் நேரில் ஒலிக்கும் வீரியத்தைச் சிறிய பெட்டி தர முயன்றால், அதன் கோனை அசைக்கும் கம்பிச்சுருள் சூடேறி, உச்சங்கள் நசுங்கும். மல்லாரியை உரத்துக் கேட்பவருக்கு எட்டங்குல ஊஃபர் உள்ள மூன்றுவழி ஸ்பீக்கர் தேவைதான். அதை ஆடம்பரம் என்று தள்ளமாட்டேன்.

விலையே தரம் என்ற வாதத்தைத் தள்ளுவேன். 1994-ல் டூலும் ஷான் ஆலிவும் ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தின் ஊழியர்களையே அமர்த்தி ஒரே ஸ்பீக்கர்களை இரண்டு முறை கேட்க வைத்தார்கள். ஒருமுறை கண்ணுக்குத் தெரிய, ஒருமுறை திரைக்குப் பின்னால். பார்த்துக் கேட்டபோது பெரியவையும் விலை கூடியவையும் மதிப்பில் ஏறின. மறைத்ததும் அந்த இடைவெளி சுருங்கியது. துறையிலேயே வேலை செய்பவர்களுக்கே கண் காதை ஏமாற்றுகிறது என்றால், கடையின் மங்கிய விளக்கில் மெருகிட்ட மரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கும் நமக்கு என்ன கதி?

தீர்ப்பு

தனி அறையும் ஏ.சி.யும் இடமும் உள்ள, தனியே அமர்ந்து கேட்கும் குரலிசை ரசிகருக்கு எலக்ட்ரோஸ்டாட்டிக் முதலிடம். ஒற்றை டிரைவர், ஒரே நாற்காலியும் சிறிய வால்வு ஆம்ப்ளிஃபையரும் போதும் என்பவரின் விருப்பத் தேர்வு. பொதுப் பரிந்துரைக்கு உரியது இல்லை. தாம்பரம் பக்கத்துச் சராசரிக் குடும்ப ஹாலுக்கு, கச்சேரியும் சினிமாப் பாட்டும் கலந்து கேட்கும் காதுக்கு, வேவ்கைடு ட்வீட்டரும் ரப்பர் விளிம்பு ஊஃபரும் கொண்ட பெட்டி ஸ்பீக்கரே சிறந்தது. முடிந்தால் மூடிய பெட்டி. இதில் எனக்குத் தயக்கமில்லை.

செலவின் வரிசையையும் மாற்ற வேண்டும். முதலில் தடித்த திரை, தரைவிரிப்பு, பக்கச்சுவரில் புத்தக அலமாரி. பிறகு சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் அளவு மைக்கும், இலவசமான ஆர்.இ.டபிள்யூ. மென்பொருளும் கொண்டு அறையை அளந்து, ஸ்பீக்கரையும் நாற்காலியையும் நகர்த்துவது. அதன் பிறகு ஸ்பீக்கர். ஐந்து லட்சம் ஸ்பீக்கரை வெற்று ஹாலில் வைப்பதைவிட, ஐம்பதாயிரம் ஸ்பீக்கரைச் சீர்செய்த ஹாலில் வைத்துக் கேட்பது இயல்புக்கு நெருக்கமானது.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பக்கவாட்டு அளவீட்டு வரைபடத்தைக் காட்டுங்கள், ஒருமுறையாவது திரையிட்டுக் கேட்கவிடுங்கள். 1949-ல் சி. ராஜம் நிறுவிய எம்.ஐ.டி. குரோம்பேட்டையிலேயே இருக்கிறது. அங்கே எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர்கள் நம் புறநகர் வீடுகளின் ஒலித்தன்மையை அளந்து வெளியிட்டால், வாங்குபவர் எல்லாருக்கும் அது கைவிளக்காகும். வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்வது ஒன்றே: கடைக்குப் போகும்போது உங்களுக்குப் பழகிய ஒரு கச்சேரிப் பதிவை எடுத்துச் செல்லுங்கள், பாடகர் வாய் திறக்கும் முன் தனியே ஒலிக்கும் தம்புராவை முதலில் கேளுங்கள், அது கம்பியாகக் கேட்காமல் தகரமாகக் கேட்டால் விலையைக்கூட விசாரிக்காமல் அடுத்த ஸ்பீக்கருக்குப் போய்விடுங்கள்.